தொடாதே சட்டை

பந்தாட்டத்துக்கும் பச்சை உடம்புக்காரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2018-ம் வருஷம் ஏப்ரல் 14-ம் தேதி மத்தியானம் வரை எனக்கும் ஒரு சம்பந்தமும் தெரியாது.

என் பெண்ணின் தலைப்பிரசவத்துக்காக அந்த வருஷம் மார்ச் மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து அமெரிக்கா போயிருந்தேன். ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் என்ற ஊர். என் பெட்டியில் எனக்கென்று நாலு புடவை. மற்றதெல்லாம் சுக்கு, திப்பிலி, வேப்பம்பூ, அப்பளம், குழந்தைக்காகப் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள். ஏப்ரல் 3-ம் தேதி பேரன் பிறந்தான். சுகப் பிரசவம். 3 கிலோ 100 கிராம். இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் டாக்டரிடம் காட்டி எடை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்த்தால் 2 கிலோ 850! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் கொடுத்த குழந்தையில் கால் கிலோவைக் காணோமே! டாக்டரம்மா பதறவே இல்லை. பிறந்த குழந்தைகள் முதல் சில நாட்களில் எடை குறைவது வழக்கம்தான் என்றும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை எட்டிப் பிடித்துவிடும் என்றும் சொல்லி, 17-ம் தேதி மறுபடி வரச் சொன்னார்.

டாக்டர் சொல்லிவிட்டார். என் மனசு கேட்க வேண்டாமா? குழந்தை அழுதால் பசி, தூங்கினால் சோர்வு என்று எனக்குப் பட்டது. திருச்சியிலிருந்து ஒரு சிநேகிதி போனில், "என் பேத்தி ஒரு மாசத்துல நாலரைக் கிலோடி!" என்றாள். அன்று முழுவதும் எனக்குச் சாதம் இறங்கவில்லை. "ஏண்டி, உனக்குப் பால் போதுதா? ஒரு வேளை பவுடர் பால் கொடுத்துத்தான் பாரேன்" என்று நாளைக்கு நாலு தரம் பெண்ணிடம் கேட்டேன். அவள் முதலில் பதில் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அதையும் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 14 விளம்பி வருஷப் பிறப்பு. சனிக்கிழமையாக வேறு இருந்ததால், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் இரண்டு குடும்பம் சாப்பிட வருவதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவரையும் கூப்பிட்டிருந்தார். மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம் என்று காலையிலிருந்து நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. வந்தவர்கள் சாப்பிட்ட கையோடு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். வருஷப் பிறப்பன்று அங்கே பட்டிமன்றமா நடக்கும்? பந்தாட்டம்!

நம் கால்பந்து வேறு, அவர்களுடையது வேறு. பந்து தேங்காய் மாதிரி நீளமாக இருக்கும். காலால் உதைப்பதைவிடக் கையால் எறிவதும் தூக்கிக்கொண்டு ஓடுவதும்தான் அதிகம். ஒவ்வொரு பக்கமும் 11 பேர். மைதானம் 100 கெஜம். பந்து வைத்திருக்கும் கட்சி நாலு வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேறியாக வேண்டும். பத்து கெஜம் தாண்டினால் மறுபடி நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்கு.

இதில் நடுநாயகமாக நிற்பவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். முன்னால் குனிந்து நிற்பவன் தன் கால்களுக்கு நடுவே பின்பக்கமாகப் பந்தைக் கொடுக்க, இவன் வாங்கிக்கொள்கிறான். வாங்கிய மாத்திரத்தில் மலைமலையாக நாலைந்து பேர் இவனைச் சாய்க்க ஓடி வருகிறார்கள். இரண்டு மூன்று விநாடிக்குள் யாரிடம் எறிவது என்று முடிவு செய்தாக வேண்டும். முதலில் நினைத்த ஆளை எதிரி மறித்துவிட்டால் இரண்டாவது ஆள், அவனும் இல்லையென்றால் மூன்றாவது ஆள். மாப்பிள்ளை இதை விளக்கியபோது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காலை ஏழரை மணிக்குக் குக்கர் கூவ, பால் பொங்க, பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்க, எதை முதலில் கவனிப்பது என்று நாம் நிற்பதில்லையா? அதே நிலைமைதான்!

"இது என்ன கோப்பைக்கான ஆட்டம், மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"கோப்பையும் இல்லை, ஒண்ணும் இல்லை அத்தை. ஒரே காலேஜ் பசங்க, இரண்டு கட்சியாப் பிரிஞ்சு தங்களுக்குள்ளேயே ஆடற பயிற்சி ஆட்டம்" என்றார்.

ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துப் பையன்கள். நிஜ ஆட்டங்கள் செப்டம்பர் வாக்கில்தான் ஆரம்பம். வசந்த காலத்தில் 15 நாள் பயிற்சி கொடுத்து, கடைசியில் ஜனங்கள் பார்க்க ஓர் ஆட்டம் வைக்கிறார்கள். இதில் ஜெயித்தாலும் தோற்றாலும் எந்தக் கணக்கிலும் சேராது. ஆனால் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! 1922-ல் திறந்த அந்த மைதானத்தில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். 2016-ம் வருஷம் இதே மாதிரிப் பயிற்சி ஆட்டத்துக்கு 1,00,189 பேர் வந்தார்களாம். நம் ஊர்த் தேர்த் திருவிழாதான் ஞாபகம் வந்தது.

ஹாலில் பேச்சு சூடு பிடித்தது. முதல் இடத்துக்கு மூன்று பையன்கள் போட்டி. ஜோ பரோ என்பவன் ஒஹாயோ மாநிலத்துப் பிள்ளை. 10-ம் நம்பர் சட்டைக்காரன். மூன்று வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறான். நிஜ ஆட்டங்களில் அதுவரை அவன் பந்து எறிந்ததே மொத்தம் 39 தடவைதான். டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் அவனுக்கு இளையவன். முந்தின வருஷம் ஆட்டம் தொடங்கும் சமயத்தில் பரோவின் கையில் எலும்பு முறிந்ததால் இவன் வரிசையில் முன்னால் வந்தான். பரம வைரிகளான மிச்சிகன் கட்சியோடு ஆடும்போது முதல் ஆட்டக்காரனுக்கு அடிபட, பாதியில் இறங்கி ஜெயித்துக் கொடுத்துவிட்டான். மூன்றாவது டேட் மார்ட்டெல், குள்ளமான துருதுரு பையன்.

"பரோவுக்கு மூளை சரியா வேலை செய்யுது. ஆனா கையில பலம் போதாது" என்றார் ஒருவர்.

"ஹாஸ்கின்ஸ் எறிஞ்சா குண்டு மாதிரிப் போகுது. ஆனா ஓட வராதே!" என்றார் இன்னொருவர்.

"போன வருஷத்துக்கு இந்த வருஷம் என்ன முன்னேற்றம்? எனக்கு ஒண்ணும் தெரியலை."

"அந்த ஒரு எறியைப் பார்த்தீங்களா? ஆள் அங்கே காலியா நிக்கிறான், இவன் கவனிக்கவே இல்லை!"

பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் பாயசத்தை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டே, "ஏப்ரலில் பார்த்ததை வைத்து நவம்பரைச் சொல்ல முடியாது" என்று இங்கிலீஷில் சொன்னார். அவர் பேச்சை யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்தப் பையன்கள் மட்டும் மற்றவர்களைப் போல் இல்லாமல் தனி நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள். காரணம் கேட்டேன். "அது தொடாதே சட்டை, அத்தை. பயிற்சியிலே குவார்ட்டர்பேக்கை யாரும் மோதிக் கீழே தள்ளக் கூடாது. அடி பட்டுட்டா வருஷமே வீணாயிடும். பக்கத்துல ஆள் வந்தாலே விசில் ஊதிடுவாங்க" என்றார் மாப்பிள்ளை. 'அட, நல்ல ஏற்பாடுதான்' என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

என் பெண் அறையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த ஓர் அம்மாள் குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, நோஞ்சானா இருக்கானே! பால் போதலையோ?" என்றாள். அவள் பேரில் குற்றமில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அதெல்லாம் சரியா இருக்கான், நீங்க வாங்க காப்பி சாப்பிடலாம்" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். நானோ, "அப்படிச் சொல்லுங்க! நானும் பத்து நாளா இதைத்தான் கத்தறேன். இவளுக்குப் பால் போதலை. சொன்னா கேட்டாத்தானே?" என்றேன்.

ஹாலிலிருந்து அதே நேரம், "கையில பலம் போதாதுன்னா போதாதுதான்!" என்று ஒரு குரல் கேட்டது.

பெண் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. வந்த அம்மாளுக்குத் தர்மசங்கடமாகப் போய், மெதுவாக நழுவிவிட்டாள்.

இரவு எல்லோரும் போன பிறகு தட்டில் ரசம் சாதம் பிசைந்துகொண்டு போனேன். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். "கோவமாடி?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரிப்பும் இல்லாமல் அழுகையும் இல்லாமல் சொன்னாள்:

"அந்தப் பசங்களை இன்னிக்கு யாரும் தொடக் கூடாதாம்மா. எனக்கும் அந்தச் சட்டை ஒண்ணு வாங்கிக் கொடேன்."

தட்டைக் கீழே வைத்துவிட்டேன். என்ன பதில் சொல்வது? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இவளைப் பெற்றுப் படுத்திருந்தபோது என் மாமியார் வாசற்படியில் நின்றுகொண்டு, வந்தவர் போனவரிடமெல்லாம், "பால் ஏது? எல்லாம் வெறும் உடம்பு" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அப்போது நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுததை யாரும் பார்க்கவில்லை. அந்த வார்த்தையை நான் மறந்துவிட்டதாக நினைத்திருந்தேன். மறக்கவில்லை. பத்திரமாக முடிந்து வைத்திருந்து, அச்சுப் பிசகாமல் என் பெண்ணிடமே அவிழ்த்திருக்கிறேன்!

மறுநாள் காலையில் காப்பியோடு போய், "இனிமே அந்தச் சட்டை உன் மேலதான். விசில் என் கையில" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

சொன்னபடி நடந்துகொண்டேன். போன் வந்தால் நானே எடுத்து, "குழந்தை நல்லா இருக்கான், அவளும் நல்லா இருக்கா" என்று இரண்டே வார்த்தையில் முடித்தேன். பார்க்க வருகிறேன் என்றவர்களைப் பத்து நாள் பொறுத்து வரச் சொன்னேன். மாப்பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்குத் துணி மாற்றும் வேலையை ஏற்றுக்கொண்டார். சும்மா கவலைப்படுவதை விட்டுக் கணக்குப் பார்ப்போம் என்று காலண்டரில் குறித்து வந்தேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது குழந்தை மூத்திரம் போனால், பால் போகிறது என்று அர்த்தமாம். எங்கள் பையன் எட்டு! பத்து நாளாக அந்தத் துணிகளை மாற்றியதும் நான்தான். ஆனால் ஒரு நாளாவது எண்ணிப் பார்த்தேனா?

16-ம் தேதி தாய்ப்பால் சொல்லிக் கொடுக்கும் நர்ஸ் ஒருத்தி வந்தாள். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்வுவதைப் பார்த்துவிட்டு, வாயை நன்றாகத் திறக்கவைத்து, சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி பிடிக்கச் சொல்லிக் காட்டினாள். பிடித்த விதம் மாறியதுமே பெண்ணுக்கு வலி குறைந்தது. 'பால் போதலை' என்று நூறு தரம் சொன்ன நான், 'வலிக்கிறதா' என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

17-ம் தேதி தராசில் போட்டார்கள். மாப்பிள்ளை பவுண்டுக் கணக்கை மாற்றிச் சொன்னார்: 3 கிலோ 140. பதினோரு நாளில் 290 கிராம்! டாக்டரம்மா, "பிள்ளைக்குப் பிள்ளை ஒப்பிடாதீர்கள். இவன் எடைக் கோடு இவனுடையது. அதில் சீராக ஏறுகிறானா என்று மட்டும் பாருங்கள்" என்றார். என் பெண் காரில் ஏறியதும் அழுதாள். இந்தத் தடவை நானும் கூட அழுதேன்.

இளம் தாய்மார்களுக்கு அங்கே நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கு வரை முதல் நாட்களில் குறைவது சகஜம். பத்துப் பங்குக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரமாகியும் பழைய எடைக்கு வராவிட்டாலோ, மூத்திரம் குறைந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, மஞ்சள் பூத்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். டாக்டர் பார்த்து, மேல்பால் கொடுக்கச் சொன்னால் அதில் அவமானம் ஒன்றும் இல்லை. பெற்றவளுக்கு முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேலும் அது நீடித்தால், 'மனசைத் தேத்திக்கோ' என்று சொல்லிக்கொண்டிராமல் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.

அந்தப் பையன்கள் கதை என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டீர்களா? பயிற்சியாளர் யாரை முதல்வன் என்று அறிவிப்பதாகக் காணோம். மே மாதம் பரோ பட்டம் வாங்கிக்கொண்டு, லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டான். 'பலம் போதாது' என்று ஹாலில் சொன்னார்களே, அந்தப் பையன் 2019-ம் வருஷ ஆட்டங்களில் 60 தடவை எறிந்து கோல்கோடு தாண்டவைத்து, அந்த நாட்டுக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு உயர்ந்த ஹைஸ்மன் பரிசு வாங்கினான். தன் கட்சியைத் தேசத்திலேயே முதலாக ஆக்கினான். பரிசு வாங்கிய மேடையில், தன் ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வீட்டுக்குப் போகும் குழந்தைகளைப் பற்றிச் சொல்லிக் கண் கலங்கினான். அதைக் கேட்டு ஜனங்கள் அந்த ஊர் உணவு வங்கிக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் அனுப்பினார்கள்.

ஹாஸ்கின்ஸ் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதே 2018-ல் ஒஹாயோவுக்காக ஆடி 50 தடவை கோல்கோடு தாண்டவைத்தான். ஓட வராது என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். மூன்றாவது பையன் மார்ட்டெல் வேறு கல்லூரி தேடிப் போனான். ஆக, அன்று ஹாலில் அடித்துச் சொன்னவர்கள் அத்தனை பேரும் பாதி சரி, பாதி தப்பு. பாயசம் சாப்பிட்ட பெரியவர் ஒருவர்தான் முழுக்கச் சரி!

2022-ம் வருஷம் ஏப்ரல் 9-ம் தேதி. நான் திருச்சியில் இருந்தேன். பெண் போன் செய்தாள். குரல் சரியாக இல்லை. "அம்மா, ஹாஸ்கின்ஸ்னு ஒரு பையன், ஞாபகம் இருக்கா? ஃப்ளோரிடாவில் ரோட்டுல நடந்து போகும்போது வண்டி மோதிப் போயிட்டான்மா" என்றாள். 24 வயசு. முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. அந்தத் தனி நிறச் சட்டைதான் நினைவில் இருந்தது. யாரும் கிட்டே வரக் கூடாது, வந்தால் விசில் ஊதுவார்கள் என்று சொன்னார்களே! நடுரோட்டில் விசில் ஊத யார் இருந்தார்கள்? அவனைப் பெற்றவளை நினைத்து அன்று முழுவதும் மனசு ஆறவில்லை. பலம், வேகம், முன்னேற்றம் என்று ஊரெல்லாம் எடை போட்ட அந்தப் பிள்ளை அவளுக்கு ஒரு நாளும் 7-ம் நம்பர் ஆட்டக்காரனாக இருந்திருக்க மாட்டான். வெறும் பிள்ளைதான்.

"குழந்தை என்ன பண்றான்?" என்று கேட்டேன்.

"கொல்லையில பந்து எறிஞ்சு விளையாடறான். நாலு வயசு ஆச்சே! எறிஞ்சா ரெண்டு அடிகூடப் போகலை" என்றாள்.

"எறியட்டும், எறியட்டும். நீ பக்கத்துல நின்னு பார்த்துக்கோ" என்றேன்.